பாரியின் மலைக்கோட்டை
(காரைக்குடியில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மலைக்கோட்டை என்று சொன்ன மாத்திரத்தில் நம்மவர் மனம் தூரதேசத்துக்குப் பாய்ந்துவிடுகிறது. இராஜபுதனத்துச் சித்தூரும், குவாலியரும், நம் செஞ்சியும் கண்முன் வந்து நிற்கின்றன. காசி யாத்திரை போய் வருகிற நம் ஊர்ப் பெரியவர்கள் வழியிலுள்ள கோட்டைகளையெல்லாம் பார்த்து வந்து பேரப்பிள்ளைகளிடம் மணிக்கணக்காகச் சொல்வதுண்டு. அது நல்ல பழக்கம். நான் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த ஊரிலிருந்து திருப்பத்தூர் வழியாகச் சிங்கம்புணரி சென்று, அங்கிருந்து வடக்கே சிறிது தூரம் போனால் எதிரே எழுந்து நிற்கிற ஒரு மலை, ஈராயிரம் ஆண்டுக் கீர்த்தி உடைய ஒரு மலை, மூன்று பேரரசர்களின் சைன்யங்களைத் தன் அடிவாரத்தில் காத்துக் கிடக்கச் செய்த மலை, நம் வீட்டுப் பேச்சில் அவ்வளவாக இடம் பெறுவதில்லை. பிரான்மலை என்று இன்று வழங்கும் அந்தப் பறம்புமலையைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

கோட்டைகளின் இலக்கணத்தை நம் முன்னோர் நுணுகி ஆராய்ந்தவர்கள். நீரரண், மலையரண், பாலையரண், காட்டரண் என்று துர்க்கங்களை நால்வகையாகப் பிரித்த கௌடில்யர், குடிகளைக் காப்பதற்கு உரியவை நீர் சூழ்ந்ததும் மலைமேல் அமைந்ததுமே என்று கருதினார். ஆனால் அதே அர்த்தசாஸ்திரத்தின் பிறிதோரிடத்தில், கோட்டையும் பொக்கிஷமும் படையும் ஆகிய யாவும் நாட்டு மக்களைச் சார்ந்தே நிற்பவை என்றும் சொல்லி வைத்தார். நம் வள்ளுவரோ அரணுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்து, தெளிந்த நீரும் வெளிநிலமும் மலையும் நிழற்காடும் வேண்டும், உள்ளிருப்பார்க்கு உணவு குறைவற வேண்டும் என்றெல்லாம் அடுக்கிய பிறகு, அந்த அதிகாரத்தின் முடிவில், செயல்திறம் உடையவர் உள்ளே இல்லையானால் எவ்வளவு மாட்சிமை உடைய கோட்டையும் ஒன்றுக்கும் உதவாது என்று தீர்ப்புக் கூறினார். கல்லால் ஆன ஒன்றைப் பற்றிப் பேசத் தொடங்கிய இரண்டு பேராசிரியர்களும் இறுதியில் மனிதனிடம் வந்து நிற்கிறார்கள் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

இதற்குச் சரித்திரத்தில் சாட்சி தேட வெகுதூரம் போக வேண்டுவதில்லை. இலங்கையில் சிகிரியா என்னும் பெரும்பாறை இருக்கிறது. தந்தையைக் கொன்று அரசேறிய காசியபன், தம்பி மொகல்லானனுக்கு அஞ்சி, யாரும் எளிதில் ஏற இயலாத அந்தப் பாறையின் உச்சியில் மாளிகை அமைத்து, சுவரெல்லாம் சித்திரம் தீட்டி, பதினெட்டு ஆண்டுகள் வாழ்ந்தான். தம்பி படையோடு வந்தபோது அந்தப் பாறை அவனைக் காக்கவில்லை. கீழே இறங்கிச் சமவெளியில் போர் புரிந்தான், சேற்றுநிலத்தைக் கண்டு அவன் ஏறியிருந்த யானை சற்றே திரும்ப, அரசன் புறங்காட்டினான் என்று எண்ணிப் படை கலைந்தது, கி.பி. 495-இல் அவன் தன் கையாலேயே மாண்டான். அஞ்சியவனுக்குக் கிடைத்த கோட்டை அது. செஞ்சியோ வேறு விதம். 1690 முதல் 1698 வரை மொகலாயப் படை சூழ்ந்து நின்றும் மராட்டிய இராஜாராமை அங்கே பிடிக்க இயலவில்லை. மதிலின் உயரம் மட்டும் அதற்குக் காரணமன்று. மலைமேல் வற்றாத நீர்நிலைகளும் தானியக் களஞ்சியங்களும் இருந்தன. வெளியிலிருந்த மராட்டியத் தளபதிகள் முற்றுகையிட்டவர்களையே அலைக்கழித்தார்கள்.

இனி நம் மலைக்கு வருவோம்.

சங்ககாலத்தில் வேளிர் குலத்துப் பாரி ஆண்ட நாடு பறம்புநாடு. முந்நூறு ஊர்களை உடையது. அதன் நடுவே அரசனின் இருக்கையாக விளங்கியது இம்மலை. கபிலர் என்னும் அந்தணப் புலவர் பாரிக்கு உயிர்த்தோழர். புறநானூற்றின் 105-ஆம் பாட்டு முதல் பறம்பைப் பற்றிய அவருடைய பாடல்கள் வரிசையாக நிற்கின்றன. ஏட்டுச் சுவடிகளில் உறங்கிக் கிடந்த அந்தப் பாடல்களை டாக்டர் உ.வே. சாமிநாதையர் அவர்கள் 1894-இல் அச்சேற்றித் தந்திராவிட்டால், பறம்பின் முற்றுகையைப் பற்றி நாம் இவ்வளவு தெளிவாக அறிந்திருக்க மாட்டோம்.

சேர சோழ பாண்டியர் மூவரும் ஒன்றுகூடிப் பறம்பை வளைத்துக்கொண்டார்கள். ஒருவரோடொருவர் ஓயாது பொருதுகொண்டிருந்த அம்மூவரும் ஒரு சிறு வேளின்மேல் படையெடுப்பதற்காக ஒருமைப்பட்டார்கள் என்றால், அதற்குப் பறம்புநாட்டின் செல்வம் மட்டுமே காரணமாக இருந்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை. முடியுடை மூவேந்தரின் அவைக்களத்தை நாடிச் செல்ல வேண்டிய பாணரும் விறலியரும் புலவரும் அவர்களைத் தாண்டிச் சென்று ஒரு மலைநாட்டுச் சிற்றரசனிடம் பரிசில் பெற்று மீண்டனர். கொடை என்றால் பாரி என்று நாடெங்கும் பேச்சாயிற்று. முல்லைக் கொடிக்குத் தன் பெருந்தேரை ஈந்தவன் என்று சிறுபாணாற்றுப்படை அவனைப் போற்றுகிறது. பல நூற்றாண்டு கழிந்து வந்த சுந்தரமூர்த்தி நாயனாரும் வள்ளலுக்கு உவமை சொல்ல வேண்டிய இடத்தில் பாரியின் பெயரையே எடுத்தாண்டார். அத்தகைய கீர்த்தி பேரரசர்களின் நெஞ்சை உறுத்தாமல் இருக்குமா?

முற்றுகையிட்டவர்களைப் பார்த்துக் கபிலர் சொல்லியதாக உள்ள பாட்டு, ஒரு கோட்டையின் வலிமையைக் கணக்கிட்டுச் சொல்லும் அருமையான ஆவணம் என்பது என் அபிப்பிராயம். மதிலின் கனத்தையோ அகழியின் ஆழத்தையோ அவர் அதில் பேசவில்லை. உழவர் உழாமலே அம்மலையில் விளையும் பொருள்கள் நான்கு என்கிறார்: மூங்கிலில் நெல் விளைகிறது, பலாவில் சுளை பழுக்கிறது, வள்ளிக்கொடியின் அடியில் கிழங்கு திரள்கிறது, பாறை முகட்டில் தேன் சொரிகிறது. சுனைகளோ வானத்து மீன்களைப் போல எண்ணற்றவை. ஆதலால் நீங்கள் மரந்தோறும் யானையைக் கட்டி, வயல்தோறும் தேரை நிறுத்தினாலும் இம்மலையை வாளால் கொள்ள முடியாது. அதைக் கொள்ளும் வழி எனக்குத் தெரியும். யாழை மீட்டிக்கொண்டு, பின்னே உங்கள் விறலியர் வர, ஆடியும் பாடியும் போய்க் கேளுங்கள், நாட்டையும் மலையையும் சேர்த்தே கொடுத்துவிடுவான் என்கிறார். மூன்று வேந்தரின் சேனைக்கு எதிரே நின்று ஒரு புலவர் இப்படிப் பேசினார் என்று எண்ணும்போது உடல் சிலிர்க்கிறது. சென்ற தலைமுறையில் குன்றக்குடி அடிகளார் அவர்கள் பறம்பிலே பாரி விழா எடுத்து, புலவர்களையும் பொதுமக்களையும் அம்மலையடியில் ஒருங்கு கூட்டியதற்கும் இந்த உணர்ச்சியே தூண்டுகோல் என்று கருதுகிறேன்.

முற்றுகை நெடுநாள் நீடித்தது. அகநானூற்றில் நக்கீரரும் ஔவையாரும் தனித்தனியே ஒரு செய்தியைக் குறிப்பிடுகிறார்கள். மலையிலிருந்த பறவைகள் புறத்தே பறந்து சென்று நெற்கதிர்களைக் கொத்திக் கொணர, அவற்றைக் கொண்டு உள்ளிருந்தோர் பசி தீர்ந்தனர் என்பது அது. அதற்குச் சூழ்ச்சி வகுத்தவர் கபிலரே என்று நக்கீரர் வாக்கால் தெரிகிறது; கிளிகளைப் பழக்கி அனுப்பினார் என்பது வழிவழி வந்த செய்தி. இதைக் கற்பனை என்று ஒதுக்குவோர் உண்டு. நான் ஒதுக்கமாட்டேன். பல நூறு பேர் உண்ணும் உணவைக் கிளிகள் சுமந்து வர முடியுமா என்று கணக்குப் பார்ப்பது வேறு. பறம்பின் முற்றுகை இரண்டு பெரும்புலவர்களின் நினைவில் எவ்வாறு பதிந்து நின்றது என்று பார்ப்பது வேறு. வெளியே விளைந்த தானியம் எப்படியோ மலைக்குள் வந்து சேர்ந்துகொண்டே இருந்தது. சூழ்ந்து கிடந்த சேனையால் அதைத் தடுக்க முடியவில்லை. அடிவாரத்து ஊர்களெல்லாம் பாரியின் பக்கமே நின்றன. இவ்வளவும் அந்தச் செய்தியினுள் அடங்கியிருப்பதாக நான் கொள்கிறேன். கௌடில்யரும் வள்ளுவரும் வகுத்த இலக்கணத்துக்கு இதைவிடச் சிறந்த இலக்கியம் எங்கே கிடைக்கும்? நீரை மலை தந்தது. உணவை மலையும் மக்களும் தந்தார்கள். அச்சம் எங்கும் இல்லை.

கடைசியில் பறம்பு வீழ்ந்தது. பாரி சூழ்ச்சியால் கொல்லப்பட்டான் என்பது வழிவழி வந்த செய்தி. தந்தையை இழந்த பாரியின் மகளிர், ஒரு திங்களுக்கு முன்னே இருந்த நிலையையும் அன்றைய நிலையையும் எண்ணிப் பாடிய பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. அதைப் படித்துக் கண் கலங்காதவர் அரியர். ஆனால் என் உள்ளத்தை இன்னும் அதிகமாகத் தைப்பது கபிலர் பாடிய மற்றொரு காட்சி. பாரி இருந்த நாளில் மலையின்மேல் நின்று பார்த்தால் கீழே பகைவரின் குதிரைகள் தெரியும். அரசர்கள் படையெடுத்து வருவதும் தோற்றுப் போவதுமாக இருந்த காலம் அது. அரண்மனையை விட்டுப் பிரிந்து, புல் மூடிய வழியை உடைய ஒரு சிறு குடிலில் தங்கியிருந்த அப்பெண்கள், இப்போது குப்பைமேட்டின்மேல் ஏறி நின்று, வழியே செல்லும் உப்பு வணிகரின் வண்டிகளை ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறார்கள். தோள்வலிமை மிக்கோர் வந்து போவதைக் கண்ட கண்கள், வண்டிகளை எண்ணிப் பொழுதுபோக்க வேண்டியதாயிற்றே என்று கபிலர் நைந்து போகிறார். பின்னும் அவர் பறம்புநாட்டை நினைத்துப் பார்க்கிறார். வளைந்த கரையை உடைய ஒரு சிறு குளம், காப்பார் இன்றி உடைந்துபோகிறதே என்று வருந்துகிறார். கண்மாய்க் கரை உடைந்தால் ஊர் என்ன ஆகும் என்பதை இந்தச் சீமையில் பிறந்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அரசன் போன பிறகு முதலில் அழிவது குளந்தான்.

அப்பெண்களைத் தம் மக்களாகவே ஏற்று, மணம் முடித்து வைக்க வேண்டி விச்சிக்கோன், இருங்கோவேள் என்னும் சிற்றரசர்களிடம் சென்று இரந்து, மறுக்கப்பட்டு, நடந்தே அலைந்த கபிலர், இறுதியில் பெண்ணையாற்றங்கரையில் திருக்கோவலூரில் உயிர் நீத்தார். அவ்வூர் வீரட்டேசுவரர் ஆலயத்தில் இராஜராஜ சோழன் காலத்துச் சாசனம் ஒன்று, பாரியின் மகளை மலையமானுக்கு அளித்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்ததையும் அந்த இடத்துக் கபிலக்கல்லையும் சொல்கிறது. பாரி மறைந்து சுமார் ஆயிரம் ஆண்டுக்குப் பிறகும் ஓர் ஊரார் இந்த நட்பைக் கல்லில் பொறித்து வைத்துக்கொண்டார்கள்.

உப்பு வண்டிகள் என்று சொன்னேன். அந்த வண்டித்தடம் பறம்பின் அடியில் பின்னும் மறையவில்லை என்பதைத்தான் இனி உங்களுக்கு, சிறப்பாக வணிகத்தில் பேரெடுத்த இந்த ஊரார்க்கு, எடுத்துக்காட்ட ஆசைப்படுகிறேன். திருஞானசம்பந்தர் பதிகம் பெற்ற திருக்கொடுங்குன்றம் என்பதும் இம்மலையே. மங்கைபாகராக இறைவன் எழுந்தருளியுள்ள அக்கோயிலில் 13-ஆம் நூற்றாண்டைச் சார்ந்த ஒரு பெரிய சாசனம் உண்டு. தென்னிந்தியக் கல்வெட்டுகள் என்னும் வரிசையின் 8-ஆம் தொகுதியில் அது அச்சாகியிருக்கிறது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் முதலான வணிகப் பெருங்குழுவினர் பல ஊர்களிலிருந்தும் ஒன்றுகூடி, தாங்கள் வாங்கி விற்கும் சரக்கு ஒவ்வொன்றின்மேலும் இவ்வளவு என்று கோயிலுக்குத் தருவதாகச் செய்துகொண்ட ஒப்பந்தம் அது. சரக்குகளின் பெயர்களை வாசித்துக்கொண்டே போனால் அந்நாளைய சந்தையே கண்முன் விரிகிறது. உப்பு வருகிறது, நெல்லும் அரிசியும் பயறும் வருகின்றன, பாக்கு, மிளகு, மஞ்சள், சுக்கு, பஞ்சு, நூல், புடவை, மெழுகு, தேன் என்று தொடர்ந்து, சந்தனம், அகில், பட்டு, பன்னீர் என்று உயர்ந்து, குதிரையும் யானையும் வரை போகிறது. சிற்றூர்ச் சந்தைக்கு வருகிற உப்பும் கடல் கடந்து வருகிற பன்னீரும் ஒரே கல்லில் ஒரே முறைப்படி கணக்கிடப்பட்டிருக்கின்றன. இறைவனுக்குப் பங்கு கொடுக்கும்போது பெரிய வியாபாரி, சின்ன வியாபாரி என்ற பேதம் அவர்கள் பாராட்டவில்லை.

கோயில் மகமை என்பது என்ன என்று செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கடை வைத்த இடமெல்லாம் முருகனுக்குக் கோயில் எடுத்து, வரவில் ஒரு பங்கைத் தர்மத்துக்கு என்று எழுதி வைத்த மரபு உங்களுடையது. தைப்பூசத்துக்குக் காவடி எடுத்துக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கிற நகரத்தார் கூட்டத்தின் ஆதிக்கதையும் உப்பு வியாபாரத்தில்தான் தொடங்குகிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்த யாத்திரை வழியில் சிங்கம்புணரியை நெருங்கும்போது வலப்புறம் தோன்றி நிற்பதும் இதே மலைதான். பறம்பின் சாசனத்தில் கையெழுத்திட்ட வணிகர்களும் நீங்களும் ஒரே குலத்தார் என்று நான் வாதிக்க வரவில்லை. அதற்கு வேண்டிய ஆதாரம் வேறு. ஒரே தடத்தில் நடந்தவர்கள், ஒரே ஒழுக்கத்தைக் கைக்கொண்டவர்கள் என்று சொல்வதற்கு எனக்குத் தயக்கம் இல்லை.

பீரங்கி வந்த பிறகு மலைக்கோட்டையின் இலக்கணம் மாறிற்று. அந்த மாற்றத்தைப் பார்க்க விரும்புவோர் புதுக்கோட்டைச் சாலையில் உள்ள திருமயத்துக்குப் போகலாம். சேதுபதி மன்னர் 1687-இல் எழுப்பிய கோட்டை அது. ஏழு சுற்று மதில்கள் இருந்தன என்பர், இன்று நான்கு எஞ்சியுள்ளன. குன்றின் தென்சரிவில் பாறையைக் குடைந்த சிவாலயமும் விஷ்ணு ஆலயமும் கோட்டைக்கு எட்டு, ஒன்பது நூற்றாண்டு முந்தியவை. அங்கே மதில் பெரிது, மலை சிறிது. பறம்பிலோ மலையே மதில். ஆயினும் பறம்பின்மேலும் பிற்காலத்து மதிற்சுவர்களின் சிதைவும் ஒரு பீரங்கியும் உண்டு. அவை மருது பாண்டியர் காலத்தவை என்று ஊரார் அபிமானத்தோடு சொல்கிறார்கள். 1801-இல் கும்பினிப் படையை எதிர்த்து நின்று, அவ்வாண்டு அக்டோபர் 24-ஆம் நாள் திருப்பத்தூரில் தூக்கிலேறிய அந்தச் சகோதரர்களின் நினைவும் பாரியின் நினைவோடு அம்மலையில் கலந்து நிற்பது பொருத்தமே அல்லவா?

மலை ஏறிப் பார்க்க வேண்டும். அடிவாரத்திலும், இடைத்தட்டிலும், அதற்கு மேலுமாகப் பாதாளம், பூமி, கைலாயம் என்று மூன்று நிலையில் சந்நிதிகள் அமைந்திருக்கின்றன. கொடுங்குன்றநாதரையும் குயிலமுத நாயகியையும் கீழே வணங்கிவிட்டு மேலே சென்றால், குகையினுள் மங்கைபாகர் மணக்கோலத்தில் காட்சி தருகிறார். அதற்கும் மேலே பாறையும் புதருமான வழியில் மூச்சிரைக்க ஏறினால் உச்சியில் இசுலாமியப் பெரியார் ஒருவரின் தர்கா இருக்கிறது. சைவரும் முஸ்லிம்களும் ஒரே மலைப்பாதையில் ஏறி இறங்குகிறார்கள். வழியில் ஒரு சுனையருகே சற்று உட்கார வேண்டும். பாறை மடிப்பில், ஓர் ஆள் குனிந்து அள்ளும் அளவுக்கு, நிழலில் குளிர்ந்து கிடக்கும் நீர். விளிம்பில் பச்சைப் பாசி. சுற்றிலும் வெயிலில் கொதிக்கும் கல். அந்நீரை ஒரு கை அள்ளி முகத்தில் அறைந்துகொண்ட பிறகு கபிலரின் பாட்டை நினைத்துப் பாருங்கள். சுனைகளை விண்மீன்களுக்கு ஒப்பிட்டது அலங்காரத்துக்காக அன்று, முற்றுகைக்குள் வாழ்ந்தவனின் நன்றியால் என்பது புலப்படும். புத்தகத்தில் ஆயிரம் முறை படித்தாலும் வராத தெளிவு அது.

கருங்கல் மலைகளைக் கல்லாக மட்டும் விலைபேசுகிற காலம் இது. மதுரை வட்டாரத்தில் எத்தனையோ குன்றுகள் நம் கண்ணெதிரே குடையப்பட்டுப் பள்ளங்களாகிவிட்டன. கோயில்களிலோ திருப்பணி என்ற நல்லெண்ணத்தின் பேரிலேயே கல்வெட்டின்மேல் சுண்ணாம்பும் வர்ணமும் பூசி எழுத்தை மறைத்துவிடுகிற வழக்கம் இன்னும் ஒழியவில்லை. எழுத்தைக் கெடுக்கும் திருப்பணிக்குப் பணம் கொடுப்பதைவிடக் கொடுக்காமல் இருப்பது மேல் என்பது என் உறுதியான கருத்து. திருப்பணிக்கு வாரி வழங்குவதில் இந்தச் சீமைக்கு நிகரான சீமை தமிழகத்தில் இல்லை. ஆதலால் இதைச் சொல்ல வேண்டிய இடமும் இதுவே. பணம் கொடுப்பவர் சொன்னால் ஸ்தபதியும் கேட்பார், நிர்வாகியும் கேட்பார்.

ஆகவே உங்களிடம் இரண்டு விண்ணப்பங்கள் வைக்கிறேன். வணிகர் சாசனத்தின் வாசகத்தை இக்காலத் தமிழில் எழுதி, சிறுவரும் படிக்கும்படி ஒரு கற்பலகையில் பொறித்து, உரியவர்களின் அனுமதியோடு மலையடிவாரத்தில் நாட்ட இந்த ஊர்ப் பெரியவர்கள் முன்வர வேண்டும். பள்ளி ஆசிரியர்கள், பாரியைப் பற்றிய பாடம் நடத்தும் ஆண்டில், மாணவர்களை ஒரு நாள் பறம்பின்மேல் அழைத்துச் சென்று, சுனையருகே உட்கார வைத்து அந்தப் பாடத்தை நடத்த வேண்டும். தை, மாசி மாதங்களில் வெயில் தணிந்திருக்கும். காலையில் புறப்பட்டால் மாலைக்குள் வீடு திரும்பலாம்.